ஆஸ்திரியா வீட்டு இலை

தென்காசிச் சந்தையில் வாழையிலை மொத்த வியாபாரம் செய்கிற பிச்சையாவுக்கு ஆஸ்திரியா என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கல்யாணத்துக்கு இலை சொல்ல வருகிறவர்கள்கூட, "ஆஸ்திரியா கடை எங்கன இருக்கு?" என்றுதான் விசாரிப்பார்கள். அது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏதோ ஓர் ஊர் என்றும், பிச்சையாவின் முன்னோர்கள் அங்கிருந்து பிழைக்க வந்தவர்கள் என்றும் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் அதைப் பற்றி நினைப்பதே இல்லை. பிச்சையாவும் யாரையும் திருத்துவதில்லை. நுனி இலையா, நடுவில் நறுக்கிய ஏடா, எத்தனை கட்டு என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கஷ்டம். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லுவான். அதைக் கேட்டு அசந்துபோகிறவர்கள் உண்டு. அதற்காக யாரும் இரண்டு இலை கூட வாங்கியதில்லை.

அந்தப் பெயர் வந்த கதை முப்பத்தெட்டாம் வருஷத்தது.

தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கூடம். அங்கே ஞானதுரை என்று சரித்திர வாத்தியார் ஒருவர் இருந்தார். ஜெனீவாவில் உலகத்து நாடுகள் கூடி உட்கார்ந்து சண்டை சச்சரவுகளைப் பேசித் தீர்க்கின்றன என்று பத்திரிகையில் படித்துப் படித்து, அந்தச் சர்வதேச சங்கத்தின் மேல் அவருக்கு ஒரு பித்தே பிடித்திருந்தது. பையன்களை வைத்து அதே மாதிரி ஒரு சங்கம் நடத்தக் கிளம்பினார். ஒவ்வொரு பையனும் ஒரு நாட்டின் பிரதிநிதி. நாட்டுக்காக ஆங்கிலத்தில் பேச வேண்டும், வாதாட வேண்டும், கடைசியில் எல்லோரும் கூடித் தீர்மானம் போட வேண்டும். ஆனி மாதம் சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் கூடுவது என்று ஏற்பாடு. எல்லாம் சரிதான். கூட்டம் கூட்டினால் சோறு போட வேண்டுமே, அதற்கு வாத்தியார் எங்கே போவார்?

வழி சொன்னவர் மிராசுதார் மந்திரமூர்த்தி. குற்றாலத்தில் கூட்டம் நடக்கிற பங்களாவும் அவருடையதுதான். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டாரின் மண்டகப்படி. அன்றைய செலவு அவர்களைச் சேர்ந்தது. சாமி அவர்கள் மண்டபத்தில் வந்து நிற்கும், அந்த வீட்டுத் தலைவருக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன் என்று அது வழிவழியாக வரும். "அதே மாதிரி நாட்டையும் வீட்டுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் குடுத்திரும் ஸார். சோறு தன்னால வரும்" என்றார் மிராசுதார்.

தன்னால்தான் வந்தது. இங்கிலாந்து மிராசுதார் வீட்டுக்குப் போயிற்று, பாயசம் அவர்கள் பங்கு. மூத்த மகன் இங்கிலாந்தாக இருந்து படிப்பு முடித்துப் போனதும் இரண்டாமவன் இங்கிலாந்தானான். அவனுக்குப் பிறகு கடைக்குட்டி தளவாய். இங்கிலாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் தளவாய் தன் வீட்டு வாசலைக் காட்டுவான். பிரான்ஸ் நெய் வியாபாரி வீடு, வடை அவர்களுடையது. துருக்கி, துல்கர்னைன் என்ற பையனின் வீடு. அவர்கள் வீட்டுச் சமையலைச் சபையில் பாதி நாடுகள் தொடாது என்பதால், யார் கொடுத்தாலும் தோஷமில்லாத மாம்பழத்தை அவர்கள் தலையில் கட்டினார்கள். உலக சமாதானம் பேச வந்த இடத்திலும் பந்தியைத் தனித்தனியாகத்தான் போட்டார்கள். அதைக் கண்டித்து எந்த நாடும் தீர்மானம் கொண்டுவரவில்லை. காப்பி, ஜப்பானின் மண்டகப்படி. ஜப்பான் சங்கத்தை விட்டு விலகிய வருஷம் ஞானதுரை வாத்தியார் மஞ்சூரியாவை நினைத்து வருந்தினார், மற்றவர்கள் காப்பியை நினைத்து வருந்தினார்கள். காப்பி இத்தாலிக்கு மாறியது. இத்தாலியும் விலகிக்கொண்டது. காப்பி போடுகிற நாடு விளங்காது என்று ஊரில் பேச்சாகி, கடைசியில் சுவிட்சர்லாந்தைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் பிச்சையாவுக்கு எந்த நாடும் இல்லை. அவன் அச்சன்புதூர் வேல்சாமியின் மகன். வேல்சாமிக்கு, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிடும் வயல் கொஞ்சம், சொந்தத்தில் ஒரு துண்டு வாழைத் தோட்டம். பையன் அச்சன்புதூரிலிருந்து தினமும் நடந்து வந்து படித்தான். ஆங்கிலத்தில் வகுப்புக்கே அவன்தான் முதல். என்ன பிரயோஜனம்? வீட்டில் வடை சுட்டு அனுப்ப வக்கில்லாதவனுக்கு எந்த நாட்டைக் கொடுப்பார்கள்? இரண்டு வருஷம் சுவரோரத்தில் நின்று, தளவாய் எழுதி வைத்ததைத் திக்கித் திக்கிப் படிப்பதைக் கேட்டான். கேட்கக் கேட்க உடம்பெல்லாம் எரியும். இந்த இடத்தில் இதை இப்படியல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கும்.

துறுதுறுப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கிழக்கே ஒரு கல்லூரியின் தலைவர் வருஷா வருஷம் கூட்டத்துக்கு விருந்தாளியாக வருவார். மிக நன்றாகப் பேசிய பிரதிநிதிக்குத் தம் கல்லூரியில் ஓர் இலவச இடம் கொடுப்பார், விடுதிச் சோறும் சேர்த்து. பிச்சையா மேலே படிக்க அதைத் தவிர வேறு வாசல் கிடையாது. அப்பா வேல்சாமி அதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

"ஆறாம் பாரம் முடிக்கட்டும்னு விட்டாச்சு. அந்தக் கூட்டத்துல உனக்கு எடம் குடுத்தாம்னா போ, நான் குறுக்க நிக்கல. குடுக்கலன்னா தோட்டத்துக்கு வா. மூணாவதா ஒண்ணும் எங்கிட்ட கேக்காத."

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் இருக்கும்போது, தை மாதம், ஒரு நாடு காலியானது. செங்கோட்டை மர வியாபாரி ஒருவர் வீட்டோடு புனலூருக்குக் குடிபோனார். அவர்கள் வைத்திருந்த நாடு ஆஸ்திரியா, அவர்கள் பங்கு பந்திக்கு வேண்டிய வாழையிலை. ஞானதுரை வாத்தியார் பிச்சையாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் வீட்டுக்கு ஓடிப் போய் அம்மா பேச்சித்தாயிடம் சொன்னான்.

"இலைதானய்யா? ஒலகத்துக்கே போடலாம். தோட்டத்துல வேற என்ன இருக்கு நமக்கு? கேட்டது வடை இல்லயே, சாமி புண்ணியம்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து பிச்சையாவுக்கு ஆஸ்திரியாவைத் தவிர வேறு பேச்சில்லை. வாசகசாலைக்கு ரயிலில் வரும் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படித்தான். ஒரு காலத்தில் சக்கரவர்த்திகள் ஆண்ட பெரிய பூமி, யுத்தத்தில் எல்லாம் போய் இப்போது நடுவில் ஒரு துண்டு மிச்சம் என்று படித்தபோது, அவனுக்குத் தங்கள் வாழைத் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. பாட்டன் காலத்தில் அவர்களுக்கும் அந்த வாய்க்கால் வரை நிலம் இருந்ததாகச் சொல்வார்கள். அந்த நாட்டின் மேல் அவனுக்கு ஒரு சொந்தமே வந்துவிட்டது. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே ஆங்கிலத்தில் பேசுவான். பக்கத்து வயல்காரர்கள் பையன் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று பேச்சித்தாயிடம் திருநீறு போடச் சொன்னார்கள்.

மாசித் திருவிழா முடிந்த கையோடு அந்தச் செய்தி வந்தது. வாசகசாலைக்குள் பிச்சையா நுழையும்போதே துல்கர்னைன் எழுந்து வந்தான். துருக்கிக்காரன், பிச்சையாவின் ஒரே சிநேகிதன்.

"ஏலே, ஜெர்மன்காரன் உன் நாட்டுக்குள்ள வந்துட்டான்."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. சும்மா நடந்து வந்துருக்கான். இனிமே ஆஸ்திரியான்னு ஒரு நாடு கெடையாதாம். ஜெர்மனியில ஒரு ஜில்லாவாம்."

பிச்சையா பத்திரிகையை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தான். எத்தனை தரம் படித்தாலும் அதில் அதேதான் இருந்தது. அங்கே அந்த ஜனங்கள் என்ன பாடுபடுகிறார்களோ என்று அவன் நினைக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் இடம் போச்சே என்றுதான் நினைத்தான்.

ஞானதுரை வாத்தியார் கையைப் பிசைந்தார். "நாடே இல்லாமப் போச்சேப்பா. இல்லாத நாட்டுக்குப் பிரதிநிதின்னு எப்படி உட்கார வைக்கிறது? கமிட்டியில பேரை அடிக்கத்தான் சொல்வாங்க" என்றார். கமிட்டியில் நான் பேசுகிறேன் ஸார் என்றான் பிச்சையா. வாத்தியாருக்கு மறுக்கத் தெரியாது, அதுதான் அவரிடம் உள்ள நல்லதும் கெட்டதும்.

கமிட்டி என்றால் நாடு வைத்திருக்கிற வீட்டுப் பெரியவர்கள். மிராசுதார் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தார்கள். பாயசம், வடை, மாம்பழம், காப்பி எல்லாம் அங்கே வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சர்வதேசச் சட்டம், உடன்படிக்கை என்று வாத்தியார் இரண்டு வார்த்தை ஆரம்பித்ததும் ஒருவர் கொட்டாவி விட்டார். பிச்சையா பார்த்தான். இவர்களிடம் ஜெனீவாவைச் சொல்லி ஒன்றும் நடக்காது. கூடத்தின் நடுவில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஆத்துக்குப் போற வழியில ஒரு இடிஞ்ச மண்டபம் இருக்குல்லா?"

"ஆமா, இருக்கு" என்றார் மந்திரமூர்த்தி.

"அந்த மண்டகப்படிக்காரங்க வம்சமே இல்லாமப் போயிட்டு. சுவரு விழுந்துட்டு. உள்ள எருக்கஞ்செடி மொளச்சிருக்கு. ஆனாலும் மாசித் திருவிழாவுல சாமி அங்கன வந்து நின்னுட்டுத்தான போவுது? போன வாரங்கூட நின்னுச்சு, எல்லாரும் பாத்தோம். ஆள் இல்ல, மண்டபம் இல்லன்னு சாமி தாண்டிப் போகலயே. அப்ப நாடு போச்சுன்னு ஆஸ்திரியா பேர மட்டும் எப்படித் தாண்டிப் போவீங்க?"

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கொட்டாவி விட்டவர்கூட வாயை மூடிக்கொண்டார். இது அவர்களுக்குப் புரிகிற பாஷை. நெய் வியாபாரி தலையை ஆட்டினார். மந்திரமூர்த்தி தொடையில் தட்டி, "பையன் சொல்லுதது நியாயந்தான். முறைன்னா முறைதான். பேர அடிக்காதீங்க ஸார்" என்றார்.

ஞானதுரை வாத்தியார் வெளியே வந்து அவனைக் கட்டிக்கொள்ளாத குறை. பிச்சையா அச்சன்புதூர் வரை ஓட்டமும் நடையுமாகப் போனான். உண்மை ஆஸ்திரியாவுக்காக ஜெனீவாவில் எந்தப் பெரிய ராஜ்யமும் வாய் திறக்கவில்லை. தென்காசியில் ஒரு பொடியன் பேசி அதன் நாற்காலியை மீட்டுவிட்டான். அந்த இரவு அவனைவிடச் சந்தோஷமான பிரதிநிதி எந்த தேசத்திலும் இருந்திருக்க முடியாது.

பிறகு பேச்சைத் தயாரித்தான். முன்பு யோசித்து வைத்திருந்ததையெல்லாம் தூக்கி எறிந்தான். இது விழுங்கப்பட்ட நாட்டின் பேச்சு. "நேற்றுவரை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக் கதவை உடைத்தபோது நீங்கள் எல்லோரும் விழித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். விளக்கை மட்டும் அணைத்துவிட்டீர்கள். நாளைக்கு உங்கள் கதவு தட்டப்படும்போது எந்த விளக்கு எரியும்?" என்று ஆங்கிலத்தில் அது முடியும். தோட்டத்தில் சொல்லிப் பார்க்கும்போது அந்த இடத்தில் அவனுக்கே மயிர்க்கூச்செறியும். பரீட்சை எழுதினான், நன்றாகத் தேறினான். அதெல்லாம் யாருக்கு வேண்டும்? ஆனி மாதம் வந்தால் போதும் என்றிருந்தது.

ஆனி வந்தது, சாரலும் வந்தது. கூட்டத்தன்று விடிகாலையில் வேல்சாமி வண்டி கட்டினார். முந்தின நாளே அறுத்து, சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்த இலைக்கட்டுகளோடு அப்பாவும் மகனும் குற்றாலம் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போகிற கூட்டம். பங்களாவில் வராந்தாவைச் சுற்றிக் காகிதக் கொடிகள் நனைந்து தொங்கின. உள்ளே வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் நாட்டின் பெயர். ஆஸ்திரேலியாவுக்கும் பெல்ஜியத்துக்கும் நடுவில் ஆஸ்திரியா இருந்தது. பிச்சையா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பின்கட்டில் இலைகளை இறக்கி வைத்துவிட்டு, கை கால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு அவன் வந்தபோது மந்திரமூர்த்தி வராந்தாவில் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாலே பிச்சையா. இலையெல்லாம் கண்ணுல ஒத்திக்கிடலாம் போல இருக்கு. எல்லாம் நீ சொன்ன மாதிரியே பண்ணியாச்சு. பேர் கூப்பிடுவோம். எல்லாரும் எந்திரிச்சு கொஞ்ச நேரம் பேசாம நிப்போம். பொறவு பெல்ஜியம்."

பிச்சையாவுக்கு முதலில் விளங்கவில்லை. "நான் எப்பம் பேசணும் அண்ணாச்சி?"

"நீ என்ன பேச? எடம் சும்மா கெடக்கணும்லா. நாற்காலி காலியா இருக்கணும்."

"நான் இருக்கேனே அண்ணாச்சி."

"நீ இருக்க. நாடு இல்லயே." அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலப் பொறுமையாகச் சொன்னார். "இடிஞ்ச மண்டபத்துல சாமி நிக்கும், சரி. யாருக்காவது பரிவட்டம் கெட்டுதோமா? எவனாவது ஒருத்தன் நான் இருக்கேன்னு முன்னால வந்து நின்னா விடுவோமா? சாமி நிக்கும், சும்மா நிக்கும், போவும். அதுதான முறை? நீதானலே எங்களுக்கே எடுத்துச் சொன்ன."

பிச்சையா ஞானதுரை வாத்தியாரைப் பார்த்தான். அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். "கமிட்டி முடிவுப்பா. யோசிச்சுப் பார்த்தா நியாயமாத்தான் படுது" என்று சொல்லிவிட்டு, ஈரக் கொடிகளைச் சரி செய்யப் போனார். அவன் வாயால் சொன்ன வாதத்தில் அவனையே கட்டிப் போட்டுவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பின்கட்டில் அப்பா இருப்பாரே என்று நினைத்து, அந்தப் பக்கம் போகாமல் கிணற்றடிக்குப் போனான்.

கிணற்றடியில் துல்கர்னைன் அவனைக் கண்டுபிடித்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. "நான் போய்க் கேக்கேன்" என்று கிளம்பினான். பிச்சையா அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கேட்டு ஒண்ணும் ஆகாது. ஒண்ணு செய்வியா? என் பேச்ச நீ பேசுதியா? துருக்கி ஆஸ்திரியாவுக்காகப் பேசக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லல்லா?"

"அது உன் பேச்சுலே."

"எனக்குள்ளயே கெடந்தா செத்துப்போவும். யாராவது சொல்லி நான் கேட்டாப் போதும்."

கிணற்றடியிலேயே சாரலில் நின்று சொல்லிக்கொடுத்தான். துல்கர்னைன் கெட்டிக்காரன், சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பதுவரை பிச்சையா கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் கை வெறுமையானது தெரிந்தது.

கூட்டம் தொடங்கியது. கல்லூரித் தலைவர் மாலையோடு மேடை நடுவில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட வழக்கப்படி பெயர் கூப்பிட்டார்கள், ஒவ்வொரு நாடும் எழுந்து "பிரசன்ட் ஸார்" என்றது. பிச்சையா வழக்கமான சுவரோரத்தில் நின்றான். ஆஸ்திரேலியா முடிந்தது. "ஆஸ்திரியா" என்று ஞானதுரை வாத்தியார் கூப்பிட்டார். எல்லா நாடுகளும் எழுந்து நின்றன. கல்லூரித் தலைவரும் எழுந்து தலை குனிந்தார். அந்தப் பங்களாவுக்குள் அருவிச் சத்தம் அவ்வளவு பெரிதாக அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

இப்போது பேசினால் என்ன என்று பிச்சையா நினைத்தான். ஒரே ஒரு வாக்கியம். சுவரோரத்திலிருந்தே கத்தினால் போதும், கல்லூரித் தலைவர் திரும்பிப் பார்க்காமலா போவார்? ஆனால் அந்த நிசப்தத்தைப் பார்க்கும்போது, கர்ப்பூரம் காட்டுகிற நேரத்தில் நடுவில் நின்று வழக்குப் பேசுவது போல அவனுக்கே கூசியது. இத்தனை பெரிய மனிதர்கள் எழுந்து நின்றது அவன் சொல்லித்தான். தன் கையால் கட்டியதை அவனால் உடைக்க முடியவில்லை. வாயைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெல்ஜியத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மத்தியானம் துருக்கி பேசியது. துல்கர்னைன் தன் நாட்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்துத் திரும்பினான். கதவு உடைந்ததையும் விளக்கு அணைந்ததையும் அவன் சொன்னபோது, வடையையும் பாயசத்தையும் நினைத்துக்கொண்டிருந்த கூட்டம் ஆடாமல் அசையாமல் இருந்தது. தளவாய்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நன்றாகத்தான் பேசினான், பிச்சையா பேசியிருக்கக்கூடியதைவிடக் குறைவில்லாமல் பேசினான். சுவரோரத்தில் நின்று கேட்ட பிச்சையாவுக்குப் பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒரே நேரத்தில் வந்தன. எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

இலவச இடம் துருக்கிக்கு என்று கல்லூரித் தலைவர் அறிவித்தார். துல்கர்னைன் யோக்கியன். கை தட்டல் ஓய்வதற்குள் மேடைக்குப் போய், பேச்சு தன்னுடையதில்லை, அதோ நிற்கிறவனுடையது என்று சொல்லிவிட்டான். கல்லூரித் தலைவர் புன்னகை செய்தார். ஜெனீவாவில் பேசுகிற பெரிய மந்திரிகளுக்கும் பேச்சு எழுதிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், இடம் பேசிய பிரதிநிதிக்குத்தான் என்றார். பிறகு ஞானதுரை வாத்தியார் ஏதோ காதில் சொன்னதும், அவரே இறங்கி வந்து பிச்சையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மௌனம் உன் யோசனையாமே, எவ்வளவு அழகான யோசனை, அடுத்த வருஷம் எங்கள் கல்லூரிக் கூட்டத்திலும் அதைச் செய்யப்போகிறோம் என்றார். "தாங்க்யூ ஸார்" என்றான் பிச்சையா. அன்றைக்கு அந்தச் சபையில் அவன் பேசிய ஆங்கிலம் அவ்வளவுதான்.

பந்தி முடிந்ததும் வேல்சாமி எச்சில் இலைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார், மாட்டுக்கு ஆகும் என்று. மகன் முகத்தைப் பார்த்தார். "பின்னால ஏறிக்கோ, முன்னால நனையும்" என்று மட்டும் சொன்னார். மந்திரமூர்த்தி வாசல்வரை வந்து வழியனுப்பினார். "வேல்சாமி, இலை பிரமாதம்யா. அடுத்த வருசமும் ஒம்ம வீட்டு மண்டகப்படிதான். நாடு போனாலும் முறை போகாதுல்லா" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அந்தக் குடும்பத்துக்குக் கௌரவம் செய்வதாகவே நினைத்துச் சொன்னார்.

துல்கர்னைன் கல்லூரிக்குப் போனான். பிச்சையா தோட்டத்துக்குப் போனான். முதலில் அப்பாவோடு இலை அறுத்தான், பிறகு பக்கத்துத் தோட்டங்களில் இலையைப் பேசி வாங்கித் தென்காசிக்குக் கொண்டுபோக ஆரம்பித்தான். வாசகசாலைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். அம்மா பேச்சித்தாய் மட்டும் யாராவது வீட்டுக்கு வந்தால், "எம் மவன் பேச்சுக்கு மிராசுதாரே எந்திரிச்சு நின்னாரு, தெரியுமா?" என்று சொல்லுவாள். அது முழுப்பொய்யும் இல்லை. அவன் திருத்தாமல் எழுந்து வெளியே போய்விடுவான்.

அடுத்த வருஷம் ஆனியிலும் கூட்டம் நடந்தது. யுத்தம் வந்து எல்லாவற்றையும் நிறுத்துவதற்கு முன் நடந்த கடைசிக் கூட்டம் அதுதான். பிச்சையா தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு இலையோடு வந்தான். பையன்களில் பாதிப் பேர் புதுசு. பின்கட்டில் ஒரு பலகையில் உட்கார்ந்து, கையில் அரிவாளோடு இலைகளை அளவு பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஆஸ்திரேலியா "பிரசன்ட் ஸார்" என்றது.

"ஆஸ்திரியா."

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு சத்தம் இல்லை. பிச்சையா அரிவாளைக் கீழே வைத்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது, எழுந்து நின்றான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். பின்கட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை. அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்து, குரலை எடுக்காமல், ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

"மாட்சிமை தங்கிய தலைவர் அவர்களே, நாடுகளின் பிரதிநிதிகளே, நேற்றுவரை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்..."

"பெல்ஜியம்" என்று உள்ளே கூப்பிட்டார்கள்.

"பிரசன்ட் ஸார்."

சமையற்காரர் கதவு வழியாகத் தலையை நீட்டி, "அங்கன யாருகிட்டலே பேசுத? மொதல் பந்திக்கு இலை எங்க?" என்று அதட்டினார். இந்தா கொண்டுவாரேன் அண்ணாச்சி என்று சொல்லி, பிச்சையா குனிந்து நறுக்கிய இலைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.